காப்புக் கட்டுமுன் ஒரு கடமை: ஆலயப் பணியாளர்களுக்கு ஆபத்துக்காலப் பயிற்சி

திருவிழா என்றதும் அன்பர்களின் மனக்கண்முன் முதலில் தோன்றுவன கொடியேற்றமும், அலங்கார தீபங்களும், வீதி உலா வரும் உற்சவ மூர்த்தியின் திருக்கோலமுமே ஆகும். அந்தக் கோலாகலத்திற்குப் பின்னால் இரவு பகல் பாராது உழைக்கும் கைகள் பல உள்ளன. விடியுமுன் எழுந்து அபிஷேகத் திரவியங்களை ஆயத்தம் செய்யும் சிவாச்சாரியார்களும் பரிசாரகர்களும், நாதஸ்வர தவில் கலைஞர்களும், மடைப்பள்ளியில் அண்டா அண்டாவாகப் பிரசாதம் இறக்கும் சமையற்காரர்களும், மாலை கட்டுவோரும், பிரகாரத்தைக் கழுவித் துடைப்போரும், இரவுக் காவலரும், அலுவலகக் கணக்கரும் ஆகிய யாவரும் ஆலயத்தின் பணியாளர்கள். பக்தர்களுக்கு ஆலயம் வழிபாட்டுத் தலம். இவர்களுக்கோ அது வழிபாட்டுத் தலமாகவும் வேலைத்தலமாகவும் விளங்குகின்றது.

திருவிழாவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஆலயச் செயலவைக் கூட்டம் கூடிவிடுகின்றது. உபயப் பட்டியல், அழைப்பிதழ், பந்தல் குத்தகை தொடங்கிச் சிறப்பு விருந்தினருக்கு அணிவிக்கும் மாலை வரையில் யாவும் நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. தீயோ நெரிசலோ மின்தாக்கோ நேர்ந்தால் பணியாளர்கள் என்ன செய்ய வேண்டும் என்னும் வினா மட்டும் பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும், ‘இதர விவகாரங்கள்’ என்னும் கடைசித் தலைப்பின் கீழ், எல்லாரும் எழுந்து புறப்படும் நேரத்தில் வந்து, ‘ஆண்டவன் பார்த்துக்கொள்வான்’ என்னும் ஒரு சொல்லோடு முடிந்துவிடுகின்றது.

ஆண்டவன் காப்பான் என்னும் நம்பிக்கை நம் சமயத்தின் உயிர்நாடி. அதே சமயத்தில், விழாத் தொடங்குமுன் ஆச்சாரியாரின் கையில் காப்புக் கட்டிய பிறகே எந்தக் கிரியையும் நடைபெறுகின்றது. எடுத்த காரியம் இடையூறின்றி நிறைவேற வேண்டும் என்று முன்கூட்டியே பாதுகாப்பை வேண்டுவதே அச்சடங்கின் பொருள். வருமுன் காத்தல் நம் சமயத்திற்குப் புதியதன்று. ஆலயத்தில் உழைப்போருக்கு ஆபத்துக்காலப் பயிற்சி அளிப்பதும் அத்தகைய ஒரு காப்பே எனலாம்.

ஆலயமும் வேலைத்தலமே

1991ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், சிலாங்கூர் மாநிலம் சுங்கை பூலோவில் இயங்கிய பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கும் அதிகமானோர் காயமுற்றனர். வேலைக்குச் சென்றவர்கள் வீடு திரும்பாத அந்தத் துயரம் நாட்டையே உலுக்கியது. 1994ஆம் ஆண்டில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டதற்கு அந்த நிகழ்வும் ஒரு காரணமாக அமைந்தது.

அச்சட்டம் 2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் நாள் முதல் நடப்புக்கு வந்தது. முன்னர்க் குறிப்பிட்ட சில தொழில்துறைகளுக்கு மட்டும் உரியதாக இருந்த சட்டம், வீட்டு வேலை, இராணுவம், கப்பல் ஆகியவை நீங்கலாக நாட்டின் எல்லா வேலையிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பணியாளர்கள் வேலையில் இருக்கும்போது நேரக்கூடிய அவசர நிலைகளைச் சமாளிப்பதற்கான நடைமுறைகளை வகுத்துச் செயற்படுத்துவது முதலாளியின் கடமை என்று அது கூறுகின்றது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், அவர்களுள் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமித்தல் வேண்டும். உடனடி ஆபத்து உள்ளது என்று நியாயமாகக் கருதும் பணியாளர் அவ்விடத்தை விட்டு விலகிச் செல்லும் உரிமையும் பெற்றுள்ளார்.

‘குருக்கள் தொழிலாளியா? செயலவை முதலாளியா?’ என்று சிலர் வினவலாம். இறைவன் திருமுன் அத்தகைய பேதம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் மாதச் சம்பளம் வழங்கி, வேலை அனுமதி பெற்று, தங்குமிடமும் தந்து ஒருவரை அமர்த்தும்போது அவருடைய உயிருக்கும் உடலுக்கும் ஆலய நிர்வாகம் பொறுப்பேற்கின்றது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல் சொக்சோவின் வேலையிட விபத்துக் காப்புறுதித் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். அப்பதிவு ஒழுங்காக உள்ளதா என்பதைத் திருவிழாவுக்கு முன்பே சரிபார்த்துக் கொள்வது அவசியம்.

துயரங்கள் புகட்டிய பாடங்கள்

1997ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயிலில் கும்பாபிஷேக வைபவம் நடைபெற்றுக்கொண்டிருந்த வேளையில் யாகசாலைப் பந்தல் தீப்பற்றிக்கொண்டது. தீயாலும், தப்பிக்க முயன்றோரிடையே ஏற்பட்ட நெரிசலாலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆயிரம் ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கும் கருங்கல் ஆலயத்தில் உயிர்களைப் பறித்தது, சில நாள் விழாவுக்காகப் போடப்பட்ட பந்தலே. ஆலயம் எவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டிருந்தாலும், விழாவுக்கென்று நாம் தற்காலிகமாகச் சேர்ப்பவற்றில்தான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

நம் நாட்டிலேயே 1988ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து விழுந்தது. அன்று பினாங்குத் தீவில் சீனர்களின் கருணைத் தெய்வத்திற்கு விழா. புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. இரு விழாக்களுக்கும் சென்று வந்த மக்கள் ஒரே நேரத்தில் திரண்டதால் தளம் பாரம் தாங்கவில்லை. 32 பேர் மாண்டனர். 1,600க்கும் அதிகமானோர் காயமுற்றனர். பக்தி எந்தச் சமயத்தினுடையதாயினும், ஓரிடத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்னும் கணக்கு எல்லாருக்கும் ஒன்றே.

2022ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் குருபூசைத் தேர் ஊர்வலத்தின்போது தேரின் மேற்பகுதி உயர் அழுத்த மின்கம்பியைத் தொட்டது. சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். தேரை அலங்கரித்தவர்களும் இழுத்தவர்களும் ஆண்டுதோறும் அத்தொண்டைச் செய்பவர்களாகவே இருந்திருப்பர். பழக்கம் உள்ளது என்பதாலேயே ஆபத்து இல்லை என்று எண்ணிவிடலாகாது.

மடைப்பள்ளியில் முதல் ஐந்து நிமிடம்

ஆலயத்தில் தீ எழுவதற்கு வாய்ப்பு மிகுந்த இடங்களுள் மடைப்பள்ளி முதன்மையானது. அன்னதான நாளொன்றை நினைத்துப் பார்ப்போம். பெரிய வாணலியில் வடைக்காக எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கின்றது. பந்திக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ அழைக்கச் சமையற்காரர் இரண்டு நிமிடம் வெளியே செல்கின்றார். திரும்பும்போது வாணலி முழுவதும் தீச்சுவாலை. அருகில் நிற்கும் இளைஞர், நல்லெண்ணத்தோடு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகின்றார். மிகப் பெரிய கேடு அந்த வாளியில்தான் உள்ளது.

எண்ணெயைவிட நீர் கனமானது. கொதிக்கும் எண்ணெய்க்குள் நீர் இறங்கியதும் கணப்பொழுதில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகின்றது. அந்த ஆவி, எரியும் எண்ணெயை நாற்புறமும் கூரை வரையில் வீசியெறியும். செய்ய வேண்டியவை எளியவை: முதலில் எரிவாயுவை நிறுத்துதல், வாணலியை நகர்த்தாதிருத்தல், அதன் வாயை முழுமையாக மூடும் உலோகத் தகட்டை முன்பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளி மூடுதல், சூடு ஆறும் வரையில் திறவாதிருத்தல். ஆலய வாணலிகளின் அளவுக்கு ஏற்பக் கைப்பிடியுடன் கூடிய தகட்டு மூடியைச் செய்வித்து, அடுப்புக்கு எட்டிய சுவரில் மாட்டி வைத்தால் போதும். சமையல் எண்ணெய்த் தீக்கென்றே தயாரிக்கப்படும் ஈர இரசாயனத் தீயணைப்பானும் மடைப்பள்ளியில் இருத்தல் நலம். தீ கூரையைத் தொடும் அளவுக்கு உயர்ந்துவிட்டால், அதனோடு போராடாமல் எல்லாரும் வெளியேறிவிடல் வேண்டும்.

எரிவாயுத் தோம்பு கசிந்தால் நிலைமை வேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து கால்வாயிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். வாடை எழுந்ததும் தோம்பின் திருகை மூட வேண்டும். கதவு, சன்னல்களைத் திறக்க வேண்டும். மின்விசிறியையோ விளக்கையோ போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஏனெனில் மின்விசையின் சிறு பொறியே போதுமானது. மற்ற வேலையிடங்களில் இல்லாத ஒரு நிலை ஆலயத்தில் உண்டு. இங்கே எந்நேரமும் ஏதேனும் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கின்றது. எனவே தோம்புகளை வைக்கும் இடம் கட்டடத்திற்கு வெளியே, காற்றோட்டத்தோடு, விளக்கு மாடங்களுக்குத் தொலைவில் அமைதல் வேண்டும்.

தீக்காயம் பட்டவருக்கு விபூதி பூசுவதும், மஞ்சள், நெய், பற்பசை தடவுவதும் நம்மிடையே இன்றும் காணப்படும் பழக்கங்கள். அவை சூட்டை உள்ளேயே அடக்கிக் காயத்தை மோசமாக்கக்கூடும். குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காயத்தைக் காட்டுவதே சரியான முதலுதவி. பனிக்கட்டி வேண்டா. மோதிரம், கங்கணம் முதலியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும்; தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கலாகாது. விபூதி, காயம் பட்டவரின் நெற்றியில் இருக்கட்டும், காயத்தில் வேண்டா.

கருவறையும் யாகசாலையும்

சிவாச்சாரியார்கள் பணியாற்றும் சூழலை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. காற்றோட்டம் குறைந்த, ஒரே வாயில் உடைய கருவறை. எண்ணெய் படிந்த தரை. கையில் கற்பூரத் தட்டு. தோளில் தொங்கும் அங்கவஸ்திரம். யாகசாலையிலோ பல குண்டங்களில் ஒரே நேரத்தில் அக்கினி வளர்க்கப்படுகின்றது. பூர்ணாகுதி வேளையில் விரைவு கருதி நெய்யை டின்னிலிருந்தே நேராகக் குண்டத்தில் ஊற்றும்போது, சுவாலை நெய்த் தாரையைப் பற்றிக்கொண்டு கை வரையில் ஏறக்கூடும். சுருக்கு, சுருவம் என்னும் நீண்ட காம்புடைய கரண்டிகளை நம் மரபு விதித்திருப்பதற்குள் பாதுகாப்பும் அடங்கியுள்ளது. யாகசாலையின் மேற்கட்டுத் துணி தீக்கு எட்டாத உயரத்தில் இருத்தலும், குண்டங்களுக்கு அருகே மணல் வாளியும் தீயணைப்பானும் இருத்தலும், ஹோமம் முடியும் வரையில் ஒருவர் அவற்றையே கவனித்திருத்தலும் அவசியம்.

ஆடையில் தீப்பற்றினால் ஓடலாகாது. ஓடினால் காற்று தீயை வளர்க்கும். நின்று, கைகளால் முகத்தை மறைத்துத் தரையில் படுத்து உருள வேண்டும். சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், ஒருமுறையேனும் உடலால் செய்து பழகாதவருக்கு அந்நேரத்தில் இது நினைவுக்கு வராது.

இவையனைத்தினும் நுட்பமான ஒன்று உண்டு. புகை சூழும் வேளையில் உற்சவ மூர்த்தியை விட்டுவிட்டு எப்படி வெளியேறுவது என்று ஒரு குருக்கள் தயங்கக்கூடும். நிர்வாகம் தம்மைக் குறை கூறுமோ என்னும் அச்சமும் அவருக்கு இருக்கலாம். அத்தயக்கத்திலேயே உயிர் போய்விடும். தீயினாலோ வேறு அசம்பாவிதத்தாலோ ஆலயத்தின் தூய்மைக்குக் குறை நேர்ந்தால் அதனை நிவர்த்தி செய்வதற்குப் பிராயச்சித்தமும் சம்ப்ரோக்ஷணமும் ஆகமங்களில் விதிக்கப்பட்டுள்ளன. பழுதுபட்ட ஆலயத்தைப் புதுப்பிக்கும் வரையில் பாலாலயம் அமைத்து வழிபடவும் வழியுண்டு. போன உயிரை மீட்பதற்கு எந்தச் சாத்திரத்திலும் சடங்கு இல்லை. ‘முதலில் நீங்கள் வெளியே வாருங்கள், மற்றவை பிறகு’ என்று செயலவை முன்கூட்டியே, எழுத்து மூலமாகவே, தன் சிவாச்சாரியார்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவ்வாறே, தீயணைப்பு வீரர்கள் காலணியோடு கருவறை வரையில் நுழைய நேரிடலாம். அவர்கள் வேறு சமயத்தவராகவும் இருக்கலாம். அந்நேரத்தில் வாசற்படியில் நின்று வாதிடுவதற்கு ஒரு நொடியும் இல்லை. உயிர் காக்க வருவோருக்கு எந்தக் கதவும் அடைக்கப்படலாகாது என்று தலைமைக் குருக்களோடு கலந்து பேசி முன்பே முடிவு செய்து, அதனை எல்லாப் பணியாளருக்கும் காவலருக்கும் தெரிவித்துவிடுதல் நன்று.

வாசற்கதவும் ஒலிபெருக்கியும்

திருட்டுப் பயத்தால் பல ஆலயங்களில் பக்கவாசலும் பின்வாசலும் சங்கிலியிட்டுப் பூட்டப்படுகின்றன. சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கும். ஆபத்து வேளையில் அவர் எங்கிருப்பார் என்று யாருக்கும் தெரியாது. திருவிழா நேரங்களில் எல்லா வாசல்களும் பூட்டின்றி இருத்தலும், ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் நிற்றலும் வேண்டும். இரவில் ஆலய வளாகத்திலேயே உறங்கும் பணியாளர்கள் உள்ளே இருந்தபடியே திறக்கக்கூடிய வகையில் அவர்களது தங்குமிடக் கதவு அமைந்திருக்க வேண்டும். வெளியே பூட்டிய அறைக்குள் மனிதர் உறங்குவது ஒருபோதும் அனுமதிக்கத் தக்கதன்று.

நெரிசலில் மாள்வோர் மிதிபட்டே மாள்கின்றனர் என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் பெரும்பாலோர் நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சு விட இயலாமல் மாள்கின்றனர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கி நின்றால், தம் விருப்பப்படி கால் எடுத்து வைப்பதே இயலாமற் போகும். எனவே கூட்டத்தை உள்ளே தடுப்பதைவிட, வெளியிலேயே நிறுத்தி வரிசையாக விடுவது பாதுகாப்பானது. தீபாராதனை முடிந்து திரும்புவோரும் தரிசனத்திற்கு வருவோரும் ஒரே வாசலில் எதிரெதிரே மோதாதபடி வழியைப் பிரிக்க வேண்டும்.

ஆபத்து வேளையில் ஒலிபெருக்கி யார் கையில் உள்ளது என்பது மிக முக்கியம். ‘தீ, தீ, ஓடுங்கள்’ என்று ஒரு பதற்றக் குரல் எழுந்தால், தீ செய்யாத கேட்டை அக்குரல் செய்துவிடும். ‘அன்பர்களே, அமைதியாக வலப்பக்க வாசல் வழியாக வெளியேறுங்கள், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்பது போன்ற இரண்டு வரிகளைத் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒலிபெருக்கி மேசையில் ஒட்டி வைத்து, அதனைப் படிக்க ஒருவரைக் குறித்துவிட வேண்டும். மேளம் ஒலித்துக்கொண்டிருந்தால் அறிவிப்பு யார் காதிலும் விழாது. ஆகவே குறிப்பிட்ட சைகையைக் கண்டதும் வாசிப்பை நிறுத்துமாறு நாதஸ்வர தவில் கலைஞர்களுக்கும் சொல்லி வைத்தல் அவசியம்.

மின்சாரமும் தேரும்

வண்ண விளக்குகளுக்காக ஒரே மின்முனையில் பல இணைப்புகளைச் செருகுவதும், இணைப்புக் கம்பிகளை ஈரத்தரையில் விடுவதும் விழாக்காலத்தில் வழக்கமாகிவிட்டன. தகுதி பெற்ற மின்பணியாளர் இணைப்புகளைச் சோதித்த பின்னரே விளக்குகள் எரிய வேண்டும். மின்கசிவைத் தடுக்கும் விசையைப் பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் மின்தாக்குக்கு ஆளானால் அவரைத் தொடாமல் முதன்மை விசையை அணைப்பதே முதற்செயல். அவ்விசை எங்குள்ளது என்பதைக் கூட்டிப் பெருக்கும் பணியாளர் வரை அனைவரும் அறிந்திருக்க வேண்டும். இரதம் செல்லும் வழியைப் புறப்பாட்டுக்கு முந்திய நாட்களில் ஒருவர் நடந்து பார்த்து, மேலே செல்லும் கம்பிகளின் உயரத்தையும், அலங்காரத்தோடு சேர்ந்த இரதத்தின் உயரத்தையும் ஒப்பிட்டுக் கொள்ள வேண்டும். உயர் அழுத்தக் கம்பி அறுந்து விழுந்தாலோ இரதத்தைத் தொட்டாலோ மரக்கழி கொண்டு விலக்க முயல்வது உயிருக்கே ஆபத்து. விலகி நின்று, பிறரையும் விலக்கி, மின் நிறுவனத்திற்குத் தகவல் தருவதே செய்யத்தக்கது.

மொழி அறியாதவரின் நிலை

நம் ஆலயங்களில் பணியாற்றும் குருக்களும் சமையற்காரர்களும் இசைக் கலைஞர்களும் பலர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். மலாய் மொழி அறியாதவர்களும், ஆலயத்தின் முழு முகவரியைச் சொல்லத் தெரியாதவர்களும் அவர்களுள் உண்டு. நள்ளிரவில் செயலவையினர் எவரும் இல்லாத நேரத்தில், வளாகத்தில் தனியே இருக்கும் அவர்களே ஆபத்தை முதலில் காண்பவர்கள். தீயணைப்பு, ஆம்புலன்ஸ், காவல்துறை ஆகிய எல்லாவற்றுக்கும் 999 என்னும் ஒரே எண் என்பதைக்கூட எவரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் பழகிய எண்ணையே அவர்கள் கைகள் தேடும்.

இதற்குச் செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. ஓர் அட்டையில் 999 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி, அதன் கீழ்த் தமிழ் எழுத்துகளிலேயே மலாய்ச் சொற்களை எழுதி வைக்கலாம். கோயில் தீப்பற்றிக்கொண்டது, உதவி வேண்டும் என்பதற்கு ‘தோலோங், கூயில் தெர்பாக்கார்’ என்றும், ஒருவர் மயங்கிவிட்டார் என்பதற்கு ‘அடா ஓராங் பெங்சான்’ என்றும் எழுதி, அடுத்து ஆலயத்தின் பெயர், சாலைப் பெயர், அருகிலுள்ள அடையாளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அவ்வட்டையை மடைப்பள்ளியிலும், அலுவலகத்திலும், பணியாளர் தங்குமிடத்திலும் மாட்டி, ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படிக்கச் செய்தால், அந்தப் பத்து நிமிடப் பயிற்சி பின்னொரு நாளில் ஓர் உயிரின் விலையாக அமையக்கூடும்.

மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் ஆவணங்கள் கேட்கப்படும். பணியாளரின் கடப்பிதழ் அலுவலக அலமாரியில் பூட்டப்பட்டிருந்தால் அவர் என்ன செய்வார்? கடப்பிதழ் உரியவரிடமே இருத்தல் வேண்டும் என்பதே சட்டமும் ஆகும். அதன் நகலையும், ஊரில் உள்ள குடும்பத்தாரின் தொலைபேசி எண்ணையும் மட்டும் நிர்வாகம் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

மயங்கி விழுந்தால்

விரதமிருந்து பல மணி நேரம் அக்கினியின் முன் அமர்ந்திருக்கும் குருக்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உடைய மூத்த பணியாளர்களும் மயங்கி விழ நேரிடலாம். நினைவிழந்தவரின் வாயில் தீர்த்தமோ சோடாவோ ஊற்றலாகாது; அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அழைத்தும் தட்டியும் அசைவில்லை, இயல்பான மூச்சும் இல்லை எனில் இதயம் நின்றுவிட்டதாகக் கொண்டு, 999ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு விட்டுவிட்டு அழுத்த வேண்டும். இதயம் நின்றபின் உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கின்றது. ஆம்புலன்ஸ் கூட்டத்தைக் கடந்து வந்து சேரும் வரையில் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அருகில் நிற்கும் மாலை கட்டுபவரின் கைகளே அப்போது மருத்துவரின் கைகளாக மாற வேண்டும்.

ஒத்திகை இன்றிப் பயிற்சி இல்லை

தீயணைப்பானைச் சுவரில் மாட்டி வைப்பதோடு பலர் மனநிறைவு அடைந்துவிடுகின்றனர். பூட்டூசியை இழுத்து, குழாயைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்து, பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீச வேண்டும் என்பதை ஒருமுறையேனும் செய்து பார்த்தவர் எத்தனை பேர்? உள்ளிருக்கும் தூள் அரை நிமிடத்திற்குள் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் கருவியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. மலேசியத் தீயணைப்பு, மீட்புத் துறை அமைப்புகளின் வேண்டுகோளுக்கு இணங்கத் தீப்பாதுகாப்பு விளக்கமும் பயிற்சியும் அளித்து வருகின்றது. செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசிய செம்பிறைச் சங்கம் ஆகியவை முதலுதவி வகுப்புகளை நடத்துகின்றன. கேட்பதற்கு ஒரு கடிதம் போதும்.

கொடியேற்றத்திற்கு இரண்டு வாரங்களுக்கு முன், பக்தர் வருகை குறைந்த ஒரு பிற்பகலில், பணியாளரும் தொண்டூழியரும் கூடி ஓர் ஒத்திகை நடத்தலாம். மணி ஒலித்ததும் ஒவ்வொருவரும் தம் வாசல் வழியே வெளியேறி, முன்பே குறித்த திடலில் ஒன்றுகூட வேண்டும். அன்றைய பணிப்பட்டியலைக் கையில் கொண்டு ஒருவர் பெயர் அழைத்துக் கணக்கெடுக்க வேண்டும். யார் உள்ளே இருக்கின்றார் என்று தெரியாத நிலையில் தீயணைப்பு வீரர்கள் எங்கே தேடுவார்கள்? முதல் ஒத்திகையில் குழப்பம் நேரும். பூட்டிய கதவு ஒன்று வெளிப்படும். வழியை மறித்து நிற்கும் கடையோ காரோ கண்ணில் படும். அக்குறைகள் ஒத்திகையில் வெளிப்படுவதே நன்மை. பட்டியலிட்டுத் திருத்தி, மறுமுறை செய்து பார்த்தால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பயிற்சியும் ஓர் உபயமே

பந்தல் உபயம், புஷ்ப உபயம், அன்னதான உபயம் என்று அள்ளி வழங்கும் உபயகாரர்கள் நம்மிடையே நிறைந்துள்ளனர். அவ்வரிசையில் பணியாளர் பாதுகாப்புக்கென ஓர் உபயத்தையும் ஏற்கலாம். மடைப்பள்ளிக்கு ஒரு தீயணைப்பான், பத்துப் பேருக்கு முதலுதவி வகுப்புக் கட்டணம், இதயத்தை மீண்டும் இயங்கச் செய்யும் மின்கருவி ஒன்று ஆகியவற்றுள் எதுவாயினும், அது இறைவன் தொண்டர்களுக்குச் செய்யும் தொண்டு ஆகும். உபயம் ஏற்க இயலாதவரும் தம் பங்கை ஆற்றலாம்; ஆலய வாசலை மறித்து வண்டியை நிறுத்தாமல் இருப்பதும், தொண்டூழியரின் சொல்லுக்குச் செவி சாய்ப்பதும் பாதுகாப்பே.

நாம் கைகூப்பி நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக நாள் முழுவதும் தீயின் அருகிலும் புகையின் நடுவிலும் நிற்பவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்த குருக்களுக்கும், பக்கத்து வீட்டிலிருந்து கூட்டிப் பெருக்க வரும் அம்மாளுக்கும், வீட்டில் வழிபார்த்திருப்போர் உண்டு. திருவிழா நிறைவுற்று, காப்பு அவிழ்த்து, கொடி இறங்கும் நாளில் அவர்கள் அனைவரும் நலமாக நின்று பிரசாதம் பெறுவதே அவ்விழாவின் உண்மையான நிறைவாகும். எல்லாம் வல்ல இறைவன் திருவருளோடு நம் முயற்சியும் சேர்ந்து, ஆலயப் பணியாளர் அனைவரையும் காக்கட்டும்.